ரத்தக் குழாயில் மூளும் போர்: சென்னையில் படித்த டாக்டரின் மருந்து

ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கும், மூட்டு வாதத்தால் விரல் மடக்க முடியாத பாட்டிக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட் என்பது அதன் பெயர். அது பிறந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஓர் இந்தியர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அவர் மாரடைப்பால் காலமானார். 70 ஆண்டுகள் கழித்து, அதே மாரடைப்பை அவருடைய மருந்து தடுக்குமா என்று பரீட்சித்துப் பார்த்தார்கள். விந்தையான கதை அது!

மூன்றாம் முறை தேறினார்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். ஆந்திராவில் உள்ள அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. குடும்பத்தில் வறுமை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறை தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தாயார் சம்மதிக்கவில்லை. டாக்டரானால் மடத்தின் ஆஸ்பத்திரிகளிலாவது தொண்டு செய்யலாம் என்ற எண்ணத்தோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். படிப்புச் செலவை மாமனார் ஏற்றுக்கொண்டார்.

காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுச் சுப்பாராவ் கதர் உடுத்தினார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அண்ணன் தம்பியைக் கொன்ற நோய்

அந்தக் காலத்தில் அவர் வீட்டில் இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்னும் கொடிய கிராணி நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியானார்கள். சுப்பாராவையும் அந்த நோய் பிடித்தது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தார். ஆயினும், கண்ணெதிரே உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த துக்கம் அவரை விடவில்லை.

1923 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். காக்கிநாடா தர்ம ஸ்தாபனம் ஒன்றும் மாமனாரும் தந்த உதவியே கையிருப்பு. ஹார்வார்டில் படித்துக்கொண்டே, ஆஸ்பத்திரியில் சில்லறை வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். ஊரில் விட்டுவந்த மனைவியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, ரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். பின்னர் தசைகளில் ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் இருப்பதை இருவரும் கண்டு, 1929-ல் அறிவித்தார்கள். நாம் கை வீசி நடப்பதும் இதயம் துடிப்பதும் அந்தப் பொருளின் பலத்தால்தான். இத்தனை செய்தும் ஹார்வார்டில் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலுள்ள லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

உணவும் அவரே, விஷமும் அவரே

அங்கே அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அது 1945-ல் உலகுக்குத் தெரியவந்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று! யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசான் மருந்தும் அதே கூடத்தில்தான் பிறந்தது.

உயிரணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அதைப் போலவே தோற்றமளித்து அணுக்களை ஏமாற்றும் பொருளைக் கொடுத்தால் பெருக்கம் நின்றுவிடும் அல்லவா? அப்படிப்பட்ட பொருள்களையும் சுப்பாராவின் குழு தயாரித்தது. அவற்றில் ஒன்றான அமினாப்டெரினைப் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் அந்தச் செய்தி வெளியாயிற்று. அமினாப்டெரினின் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்சேட்.

அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வயது 53.

பாத்திரத்தில் படியும் உப்பல்ல

அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடி சுண்ணாம்புக்கல் பூமி. அத்தகைய இடங்களில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு படிவது பெண்களுக்கு நன்றாகத் தெரியும். இதய ரத்தக் குழாயிலும் கொழுப்பு அப்படித்தான் படிகிறது என்று நெடுங்காலம் பலர் எண்ணி வந்தார்கள். உண்மை வேறு. கொழுப்பு, குழாய்ச் சுவரின் உள்ளே நுழைகிறது. அதை அப்புறப்படுத்த உடலின் காவலர்களான வெள்ளணுக்கள் பின்னாலேயே புகுகின்றன. கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரை போல் ஊதி, அங்கேயே மடிகின்றன. மடியுமுன் துணைக்கு மேலும் பல அணுக்களை அழைக்கின்றன. அழற்சி மூள்கிறது. நாளடைவில் அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து குழாய் தடிக்கிறது. மேல் மூடி மெலிந்து ஒரு நாள் வெடித்தால், அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அதுவே மாரடைப்பு. காவலுக்கு வந்தவனே வீட்டுக்குத் தீ வைத்த கதைதான்!

அப்படியானால் வெள்ளணுக்களை அடக்கினால் என்ன? மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களிடம் மாரடைப்பு குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. எனவே அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,786 இதய நோயாளிகளைக் கொண்டு பெரிய சோதனை ஒன்று நடந்தது. பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. பக்க விளைவு குறையும்பொருட்டு எல்லோருக்கும் ஃபோலிக் அமிலமும் தந்தார்கள். சுப்பாராவின் இரண்டு பொருள்களும் ஒரே சோதனையில்! 2018-ல் முடிவு வந்தது. அழற்சியும் தணியவில்லை, மாரடைப்பும் குறையவில்லை.

ஆனால் எண்ணம் தவறல்ல. இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் ஒரே ஓர் அழற்சித் தூதனைத் தடுக்கும் கனகினுமாப் என்ற ஊசி, 10,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில் மாரடைப்பு முதலிய ஆபத்துகளைச் சுமார் 15 சதவீதம் குறைத்ததாக 2017-ல் தெரிந்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுநோய்கள் சற்றே கூடின. தமிழ்நாட்டில் விளையும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், 2020-ல் வெளியான சோதனையில் பலன் தந்தது. 2024-ல் வெளியான வேறொரு சோதனையில் தரவில்லை. அந்தக் கிழங்கும் விதையும் கொடிய விஷம். தாமாக யாரும் தொடலாகாது. கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், புகையிலையை விடுவதுமே இன்னும் முதல் மருந்து.

சுப்பாராவின் மருந்து இந்த ஒரு போரில் வெல்லவில்லை. ஆனால் எந்தத் தூதனை மறிக்க வேண்டும் என்று தேட அந்தத் தோல்வியும் வழிகாட்டியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் ஃபோலிக் அமிலம்தான். இரண்டு முறை பரீட்சையில் தோற்ற மாணவர், நாடு திரும்பாமலே தம் நாட்டு ஏழைகளுக்குச் செய்த தொண்டு அது.