காங்கேசன்துறை வாக்காளர்களும் தந்தை செல்வாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த காங்கேசன்துறைத் தொகுதி இன்று தனியொரு பாராளுமன்றத் தொகுதியாக இல்லை. விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் 1989 இல் முதலாவது பொதுத் தேர்தல் நடத்தப்பட்டபோது, அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு வாக்களிப்புப் பிரிவாகச் சுருங்கியது. ஆயினும், 1947 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அத்தொகுதியின் தீர்ப்பு தமிழ் அரசியலின் திசையையே காட்டிநின்றது என்பதை நாம் மறப்பதற்கில்லை. அந்தத் தொகுதியையும் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் என்ற மனிதரையும் பிரித்துப் பார்ப்பது இயலாத காரியமாகும்.

1898 மார்ச் 31 ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்த செல்வநாயகம், சிறுவயதிலேயே தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, கொழும்பு பரி. தோமாவின் கல்லூரி ஆகியவற்றில் பயின்று, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். சிறிது காலம் ஆசிரியராக இருந்து, பின்னர் சட்டத்தரணியாகி, கொழும்பில் சிவில் வழக்குகளில் பெயர்பெற்றார். மேடை அதிரப் பேசும் குரல்வளம் அவருக்கு வாய்க்கவில்லை. மெலிந்த உடல், தாழ்ந்த குரல், பிற்காலத்தில் செவிப்புலக் குறைவு, நடுக்கவாத நோய் ஆகிய இவற்றோடுதான் அவர் ஒரு மக்கள் கூட்டத்திற்குத் தலைமை தாங்கினார்.

1947 தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக நின்று காங்கேசன்துறையை வென்றார். மறு ஆண்டே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. கட்சித் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் இணைந்தபோது, செல்வநாயகம் விலகிநின்றார். 1949 டிசம்பர் 18 ஆம் திகதி கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றியது. தம் தொகுதியில் ஒரு வாக்குக்கூட இல்லாத தோட்டத் தொழிலாளருக்காக அமைச்சர் பதவிக்கான வாய்ப்பைத் துறப்பது தேர்தல் கணக்கில் இலாபமான செயலன்று.

அதற்கான விலையை 1952 இல் அவர் கொடுத்தார். ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக நின்ற சு. நடேசபிள்ளை அவரைத் தோற்கடித்தார். நடேசபிள்ளை சேர். பொன். இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபராயிருந்தவர், சைவ உலகில் மதிப்புமிக்கவர். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலையும் கீரிமலைப் புனித தீர்த்தத்தையும் தன்னகத்தே கொண்ட தொகுதியில், ஒரு புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவரின் சமயம் மேடைப் பொருளாக்கப்பட்டது. சமஷ்டி என்ற சொல்லும் அப்போது மக்களுக்குப் புதிது. அத்தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாய், திருகோணமலை ஆகிய இரு தொகுதிகளே.

நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. தனிச்சிங்களச் சட்டத்தின் நிழல் படர்ந்த 1956 தேர்தலில், அதே வாக்காளர்கள் அதே கிறிஸ்தவரைப் பெருமதிப்போடு பாராளுமன்றம் அனுப்பினர். அதன் பின்னர் 1960 இல் இரு தடவைகளும், 1965 இலும், 1970 இலும் அவரையே தெரிந்தனர். தேர்ந்த செம்மண் விவசாயிகளும், மயிலிட்டிக் கடற்றொழிலாளரும், சீமெந்துத் தொழிற்சாலையின் ஊழியர்களும், இடதுசாரிச் சிந்தனை கொண்ட ஆசிரியர்களும் கலந்து வாழ்ந்த தொகுதி அது. சமயத்தைக் காட்டி ஒருமுறை அவர்களை அசைக்க முடிந்தது, மறுமுறை முடியவில்லை.

இந்தக் காலப்பகுதியில் அவர் கண்ட ஒப்பந்தங்கள் இரண்டு. பண்டாரநாயக்கவுடன் 1957 ஜூலையில் செய்தது 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. டட்லி சேனநாயக்கவுடன் 1965 இல் செய்ததும் நிறைவேறவில்லை. காலிமுகத்திடலில் 1956 இலும், யாழ். கச்சேரி முன்பாக 1961 இலும் சத்தியாக்கிரகம் நடத்தினார், தடுத்தும் வைக்கப்பட்டார். வன்முறையின் பக்கம் அவர் திரும்பியதில்லை.

அவருடைய அரசியலில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கோயிலினுள் நுழையும் உரிமையை ஒடுக்கப்பட்ட மக்கள் கோரியபோது, போராட்டம் அவருடைய தொகுதியின் நடுவிலேயே நிகழ்ந்தது. சி. சுந்தரலிங்கம் எதிர்ப்பணிக்குத் தலைமை தாங்கினார். சைவக் கோயிலொன்றின் விவகாரத்தில் கிறிஸ்தவரான தாம் முன்னிற்பதில் செல்வநாயகத்திற்கு இருந்த சங்கடம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆயினும் பிறரிடம் சமத்துவம் கேட்ட கட்சி, தன் வீட்டினுள் அதனை உரத்துக் கேட்கவில்லை என்ற விமர்சனம் இன்றும் நியாயமானதாகவே நமக்குத் தோன்றுகிறது.

முஸ்லிம் மக்களுடனான அவரது உறவும் இவ்வாறே இருபக்கமும் நோக்கத் தக்கது. தமிழ் பேசும் மக்கள் என்ற சொற்றொடரை அரசியல் மொழியாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். 1956 இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் சார்பில் முஸ்லிம் உறுப்பினர்கள் தெரிவாகினர். பின்னர் அவர்கள் அரசாங்கப் பக்கம் சென்றனர். மொழியால் ஒன்றுபட்டவர்கள் எல்லாவற்றாலும் ஒன்றுபட்டவர்களாகிவிட மாட்டார்கள் என்பதைத் தமிழ்த் தலைமைகள் முழுமையாக உணரவில்லை. தங்கள் தனித்துவம் அச்சொற்றொடரினுள் கரைந்துவிடுமோ என்ற ஐயம் முஸ்லிம்களிடம் எழுந்தது இயல்பே.

1972 அரசியலமைப்பை எதிர்த்து, அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் தமது ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலில் மக்கள் தீர்ப்பைக் கோரினார். ஆனால் அத்தேர்தலை நடத்த அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தடித்தது. இறுதியில் 1975 பெப்ரவரி 6 ஆம் திகதி வாக்களிப்பு நடந்தபோது, கம்யூனிஸ்ட் கட்சியின் வீ. பொன்னம்பலத்தை 16,000க்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு.

அவ்வாறு மீண்ட ஆசனத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதை நாம் குறிப்பாக நினைவுகூர விரும்புகிறோம். 1976 பெப்ரவரியில் புத்தளம் பள்ளிவாசலில் பொலிஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அரசாங்கத் தரப்பு முஸ்லிம் உறுப்பினர்கள் வாய்திறக்காதிருந்த வேளையில், காங்கேசன்துறையின் நோயுற்ற உறுப்பினர் அதனைப் பாராளுமன்றத்தில் எழுப்பினார். புத்தளத்தில் அவருக்கு வாக்குகள் இருக்கவில்லை. 1948 இல் மலையகத் தோட்டங்களிலும் அவருக்கு வாக்குகள் இருக்கவில்லை என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்ரல் 26 ஆம் திகதி அவர் மறைந்தார். ஜூலையில் அவரது தொகுதியில் அ. அமிர்தலிங்கம் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார்.

பின்னர் வந்த 1990 ஆம் ஆண்டை எண்ணும்போது மனம் கனக்கிறது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கு முஸ்லிம்கள் ஒருவர் மிஞ்சாமல் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணச் சோனகத் தெருவின் மக்களுட்படப் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது, அன்று செல்வநாயகம் குரல்கொடுத்த அதே புத்தளத்தில்தான். அந்த அநீதிக்கு எதிராக அவர் எழுப்பியதைப் போன்றதொரு குரல் தமிழ்த் தரப்பிலிருந்து அன்று உரத்து எழவில்லை. போர் 2009 இல் முடிந்த பின்பும் இவ்விரு சாராரின் மீள்திரும்பல் முழுமை பெறவில்லை.

யாழ். பொது நூலகத்தின் அருகே உயர்ந்து நிற்கும் தந்தை செல்வா நினைவுத் தூபிக்கு ஆண்டுதோறும் மாலைகள் விழுகின்றன. தம் தொகுதியின் எல்லைக்கு வெளியேயும் நீதி கேட்டவர் அவர். மாலையிடும் பிரதிநிதிகள் தமக்கு வாக்களிக்காத அயலவனுக்காகவும் ஒருமுறை பேசுவார்களாயின், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான நன்றிக்கடனாக அமையும்.