தேர்வில் தோற்ற கணித மேதை

குழந்தைகளே! ஒரு மாணவர் கணக்கில் புலி. ஆனால் மற்ற பாடங்களில் எல்லாம் தோல்வி. உதவித்தொகை போயிற்று, கல்லூரியும் போயிற்று. இனி இவருக்குப் படிப்பு வராது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவர் யார் தெரியுமா? உலகமே வியந்த நம் கணித மேதை சீனிவாச ராமானுஜன்தான்!

ராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். அப்பா சீனிவாச அய்யங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார்.

டவுன் உயர்நிலைப் பள்ளியில் ராமானுஜன்தான் கணக்கில் முதல்வர். 1903இல் கார் என்பவர் எழுதிய கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் கொண்ட அந்த நூலில் விளக்கம் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்க்கத் தொடங்கினார். அத்துடன் கணக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது!

1904இல் பள்ளிப் படிப்பை முடித்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெயர் பெற்ற கல்லூரி அது. அங்கேதான் வந்தது வினை. ஆங்கிலம், வரலாறு, உடலியல் வகுப்புகளிலும் அவர் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறவில்லை. உதவித்தொகை நின்றுபோனது.

அம்மா சும்மா இருப்பாரா? நேரே கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போனார். கணக்கில் தம் மகனுக்கு இணை யாரும் இல்லை என்று எடுத்துச் சொல்லி முறையிட்டார். முதல்வர் மரியாதையாகவே பேசினார். ஆனால் விதி விதிதான் என்று மறுத்துவிட்டார்.

உதவித்தொகை இல்லாமல் படிக்க வீட்டில் வசதி ஏது? சில மாதம் சமாளித்துப் பார்த்தார். 1905 ஆகஸ்டில், 17 வயதில், யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். பெற்றோர் துடித்துப் போனார்கள். காணவில்லை என்று செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள். அவர் திரும்பி வந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு உயிர் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள், குழந்தைகளே: ஓடிப்போனதால் அவருடைய பிரச்சினை எதுவும் தீரவில்லை. வருகைப் பதிவும் குறைந்து, தேர்வு எழுத முடியாமல் போனதுதான் மிச்சம்.

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். எஃப்.ஏ. என்ற தேர்வில் தேறினால்தான் பட்டப் படிப்புக்குப் போகலாம். அந்த ஆண்டு தோற்றார். 1907இல் தனித்தேர்வராக எழுதினார். மறுபடியும் தோல்வி! படிப்பு அத்தோடு முடிந்தது.

ஆனால் கணக்கு முடியவில்லை. தாள் வாங்கக் காசு இல்லாததால் சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார். விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். அந்த நோட்டுதான் பின்னாளில் அவருக்காகப் பேசிய சாட்சி!

1909இல் ஜானகி அம்மாளுடன் திருமணம் ஆனது. வேலை தேட வேண்டிய நிலை. 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த ராமசாமி அய்யரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார் ராமானுஜன். நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி அய்யர் திகைத்தார். இப்படிப்பட்டவரை அங்கே முடக்குவது பாவம் என்று நினைத்து, பரிந்துரைக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். அதன் பயனாக நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணக்குகளுடன் கடிதம் எழுதினார். தாம் ஒரு குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்காமல் அதில் சொன்னார். படித்த ஹார்டி வியந்துபோய் உடனே பதில் போட்டார்.

இப்போது ராமானுஜனுக்காகப் பெரியவர்கள் பலர் சென்னைப் பல்கலைக்கழகத்தை அணுகினார்கள். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் எந்தப் பட்டமும் இல்லையே! மறுபடியும் விதி குறுக்கே நின்றது. ஆனால் ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று, அதை நிறுவிய சட்டத்தின் முகப்பிலேயே இருந்ததை எடுத்துக் காட்டினார்கள். 1913 ஏப்ரலில் மாதம் 75 ரூபாய் வழங்க முடிவானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் கேட்ட நியாயம் அன்றுதான் கிடைத்தது!

1914இல் கப்பலேறி இங்கிலாந்து போனார். 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருடைய ஆராய்ச்சிக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவர் பட்டதாரி ஆகிவிட்டார்! 1918இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். உடல்நலம் குன்றி 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அவர் பிறந்த நாளைத்தான் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம்.

இதைப் படித்துவிட்டு, மற்ற பாடங்களைப் படிக்க வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்! அவற்றை ஒதுக்கியதால் ராமானுஜன் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. ஆனால் என்றாவது மதிப்பெண் குறைந்தால் ஒளியாதீர்கள், ஓடாதீர்கள். அப்பா அம்மாவிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் கேளுங்கள். கேட்கும்போது, ராமானுஜனைப் போல நீங்கள் உழைத்த நோட்டுப் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும்.