கடற்படைத் தலைவர் கட்டாரி

சுதந்திர பாரதத்தின் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் செங்கற்பட்டில் பிறந்தவர் என்பதை நம்மில் பலர் அறியார். அவரே ராம் தாஸ் கட்டாரி. பிறந்த ஆண்டு 1911.

வணிகக் கப்பல்களுக்கு அதிகாரிகளைப் பயிற்றுவிக்க 1927-இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற 'டஃப்ரின்' கப்பலில், முதல் அணி மாணவருள் ஒருவராக அவர் சேர்ந்தார். பின்னர்க் கல்கத்தாவில் ஹூக்ளி நதியை அளவிடும் பணியில் அமர்ந்தார். மணல் திட்டுகள் ஓயாது இடம்மாறும் அந்நதியில் ஆழம் அறிந்து வழி சொல்வது எளிதன்று. 1939-இல் உலகப்போர் மூண்டதும், தன்னார்வச் சேமப்படையின் வழியே கடற்படையுள் புகுந்தார்.

நாடு விடுதலை பெற்றபின், தரைப்படை 1949-இலும் விமானப்படை 1954-இலும் இந்தியத் தலைவரைப் பெற்றன. கடற்படையோ பின்தங்கி நின்றது. போதிய அனுபவம் வாய்ந்த இந்திய அதிகாரிகள் அதில் மிகச் சிலரே. அக்குறையைக் கட்டாரி தீர்த்து வைத்தார். 1956-இல் போர்க்கப்பல் தொகுதிக்கும், 1958 ஏப்ரல் 22-இல் கடற்படை முழுமைக்கும் தலைவரானார். அவர் காலத்தில், 1961 மார்ச்சில், விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' நம் படையில் சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கோவா விடுதலை பெற்றது. அஞ்சதீவில் நம் மாலுமிகள் எழுவர் உயிர் ஈந்தனர்.

1962-இல் ஓய்வு பெற்றவர், ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவர் பொறுப்பையும் ஏற்றார். கப்பலை ஆண்டவர்க்குப் பேருந்துகளும் அயலாகவில்லை.

1964 முதல் 1969 வரை அவர் பர்மாவில் இந்தியத் தூதர். அவ்வேளை அங்குள்ள நம்மவர்க்குச் சோதனைக் காலம். 1964-இல் பர்மிய அரசு கடைகளையும் வாணிபத்தையும் நாட்டுடைமையாக்கியது. பெரிய நோட்டுகள் செல்லாதாயின. தலைமுறைகளாய் வேரூன்றியிருந்த இந்தியர் லட்சக்கணக்கில் வெறுங்கையராய்த் தாயகம் திரும்பினர். அவருள் தமிழர் பலர். ஒரு நாடு தன் எல்லைக்குள் இயற்றும் சட்டத்தை அயல்நாட்டுத் தூதர் மாற்றவியலாது. நட்பைக் காத்தவாறே நம் மக்களின் நலனையும் எடுத்துரைக்க வேண்டும். பீரங்கிக்கு அங்கு வேலையில்லை, பொறுமையே ஆயுதம். இரு நாட்டு எல்லை ஒப்பந்தம் இரங்கூனில் 1967-இல் கையெழுத்தானதும் அவர் தூதராயிருந்த காலத்திலேயே.

1983-இல் அவர் மறைந்தார். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அவர் வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு: நிற்கும் இடம் எதுவாயினும், ஏற்ற பணியைச் செம்மையாய்ச் செய்பவனுக்கு அவ்விடமே சொந்த மண்.