கப்பலோட்டியவரும் எங்கள் தாத்தாவும்

எங்கள் தாத்தா கம்பத்துக்காரர். இளமையில் மதுரைக்குப் போய், வெள்ளைக்காரர் தொடங்கிய ஹார்வி மில்லில் பிட்டர் வேலை பழகினார். பின்னர் தேனிப் பக்கம் நம்மவர் பஞ்சாலைகள் வந்தபோது அந்தத் தொழிலோடு ஊர் திரும்பினார். அந்நிய முதலீட்டால் உள்நாட்டு நிறுவனங்களின் உற்பத்தித்திறன் பெருகும் என்று பொருளியல் வகுப்பில் கேட்டபோது, எனக்குத் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். வ.உ.சிதம்பரனாரின் வரலாற்றைப் படித்த பிறகோ, அந்தப் பாடத்திற்கு இன்னொரு பக்கமும் உண்டென்று கண்டேன்.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., தந்தையைப் போலவே வக்கீலானார். அந்நாளில் தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கெதிராக 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். முதலில் வாடகைக்குக் கப்பல் தந்தவர்கள் போட்டிக் கம்பெனியின் நெருக்குதலால் பின்வாங்கினர். தளராமல் 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைச் சொந்தமாகவே கொண்டுவந்தார்.

அந்நியக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே அவர்கள் இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் தர முன்வந்தார்களாம்! இங்கேதான் பொருளியல் இருக்கிறது, தோழர்களே. கப்பலில் ஆயிரம் பேர் ஏறினாலும் நூறு பேர் ஏறினாலும் நிலக்கரிச் செலவும் மாலுமிச் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றே. ஆள் குறைந்தால் தலைக்கு ஆகும் செலவு ஏறும். கப்பலும் அதேதான், மாலுமியும் அவர்தாம். உற்பத்தித்திறன் மட்டும் சரிந்துவிடுகிறது. வெனிசுவேலா நாட்டுத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து ஏய்ட்கன், ஹாரிசன் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட கட்டுரையும், அந்நிய நிறுவனம் சந்தையைப் பறிப்பதால் நேரும் இத்தகைய சரிவையே காட்டியது.

தூத்துக்குடியில் அந்தக் கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்டு யார் தெரியுமா? அதே ஹார்வி கம்பெனிதான்! அவர்களுடைய கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் தொடங்கியபோது வ.உ.சி. தொழிலாளர் பக்கம் நின்றார். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது. ஆனால் மார்ச் 12இல் அவர் கைதானார். சிறையில் செக்கிழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டதாகச் சொல்வார்கள். போட்டியை மட்டும் குறை சொன்னால் கணக்கு முழுமையாகாது. அரசும் ஒரு பக்கமே சாய்ந்திருந்தது.

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். மில்லில் தொழில் கற்றவனைக் கூப்பிட நம்மவர் மில் இருந்தது, கடலில் கூப்பிட எந்தக் கப்பல் மிஞ்சியது என்று கேட்டார். வகுப்பில் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். வக்கீல் உரிமை பறிபோயிருந்ததால் வறுமையில் வாடினார். அவ்வுரிமையை மீட்டுத் தந்த வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் காலமானார். அவ்வூர்த் துறைமுகத்திற்கு 2011இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.