மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது... ஆனா தங்க விருது உண்டு! - கர்ட் ஹான் கதை

செம்பாக்கம், தாம்பரம் பக்கம் ரிசல்ட் சீசன்ல எந்தத் தெருவுல நடந்தாலும் ஒரு ஃப்ளெக்ஸ் கண்ணுல படும். வரிசையா பிள்ளைங்க போட்டோ, கீழே மார்க். மத்த பிள்ளைங்களுக்கு அதுல இடமே இருக்காது. அந்த மத்த பிள்ளைங்களுக்கும் ஒரு விருது வேணும்னு 90 வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சவர் கர்ட் ஹான். இந்தியா உட்பட 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் 14 முதல் 24 வயது வரையிலான இளைஞர்கள் பங்கேற்கும் எடின்பரோ கோமகன் சர்வதேச விருதுக்கு விதை போட்டவர் இவர்தான்.

வெயில் ஆகாத வாத்தியார்

1886-ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஹான். இளம் வயதில் கடுமையான வெயில் தாக்கியதில், வாழ்நாள் முழுக்க வெளிச்சமும் சூடும் அவருக்கு ஆகாமல் போனது. அகலமான தொப்பி இல்லாமல் வெளியே வர மாட்டார். இப்படிப்பட்டவர்தான் பிள்ளைகளை மலைக்கும் கடலுக்கும் அனுப்பியவர் என்பது ஆச்சர்யம்!

முதல் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மனியின் முன்னாள் பிரதமரான இளவரசர் மாக்ஸுடன் சேர்ந்து, 1920-ல் சாலெம் என்ற ஊரில் பள்ளி தொடங்கினார். அங்கே ஒவ்வொரு மாணவனிடமும் ஒரு அட்டவணை இருக்கும். ஓடினேனா, குதித்தேனா, சொன்ன வேலையை முடித்தேனா என்று அவனே குறித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் சரிபார்க்க மாட்டார். பொய்யா டிக் போட்டா? போடலாம்தான். ஆனா அது அவனுக்கும் அவன் மனசாட்சிக்கும் நடுவுல உள்ள விஷயம். பிள்ளையை நம்பு, அதுதான் முதல் பாடம் என்பது ஹானின் முடிவு.

ஹிட்லரா, பள்ளியா?

1932-ல் ஓர் இளைஞரை அவருடைய தாயின் கண்ணெதிரே அடித்துக் கொன்ற நாஜிகளுக்கு ஹிட்லர் வெளிப்படையாக ஆதரவு தந்தார். ஹான் சும்மா இருக்கவில்லை. ஹிட்லரா, சாலெமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று முன்னாள் மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே கைது. பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு தலையிட்ட பிறகே விடுதலை. 47 வயதில், கட்டிய பள்ளியை விட்டுவிட்டு பிரிட்டனுக்குப் போனார்.

1934-ல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளி உருவானது. சாலெமில் படித்த ஒரு பையனும் அங்கே வந்து சேர்ந்தான். பின்னாளில் ராணி எலிசபெத்தின் கணவரான பிலிப்தான் அவர்.

மதில் தாண்டிய பேட்ஜ்

வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தப் பயிற்சி கிடைத்தால் போதுமா? அந்தக் கேள்வி ஹானை விடவில்லை. 1936-ல் சுற்றுவட்டார இளைஞர்களுக்காக 'மரே பேட்ஜ்' தொடங்கினார். உடற்பயிற்சி, பயணம் என்று சில இலக்குகள். எட்டினால் பேட்ஜ். யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில், கப்பல் மூழ்கியபோது வயதான மாலுமிகளைவிட இளைஞர்களே அதிகம் உயிரிழப்பதாக ஒரு கப்பல் நிறுவனம் கவலைப்பட்டது. தாக்குப்பிடிக்கும் மனசு பழக்கத்தில்தான் வரும் என்று, 1941-ல் வேல்ஸில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பயிற்சியைத் தொடங்கினார் ஹான்.

போர் முடிந்ததும், பேட்ஜை நாடு முழுக்கக் கொண்டுபோகச் சொல்லி பழைய மாணவர் பிலிப்பை வற்புறுத்தினார். 1956-ல் எடின்பரோ கோமகன் விருது பிறந்தது. எவரெஸ்ட் வென்ற குழுவின் தலைவர் ஜான் ஹன்ட் அதன் முதல் இயக்குநர். முதலில் பையன்களுக்கு மட்டும். 1958-ல் பெண்களுக்கும் கதவு திறந்தது.

எப்படி வாங்குறது?

வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள். சேவை, திறமை, உடற்பயிற்சி, சாகசப் பயணம் என நான்கு பகுதிகள். வெண்கலத்துக்குக் குறைந்தது ஆறு மாதம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் அளவுக்கு உழைக்கணும். கூடவே ஓர் இரவு தங்கும் இரண்டு நாள் பயணம்.

உதாரணமா, 200 மீட்டர் ஓடினாலே மூச்சு வாங்குற செம்பாக்கம் பொண்ணு, நிக்காம ரெண்டு கிலோமீட்டர் ஓடுறதை இலக்கா வெச்சுக்கலாம். ஏற்கெனவே அஞ்சு கிலோமீட்டர் ஓடுற பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்த இலக்கு செல்லாது. அவன் இன்னும் மேலே யோசிக்கணும். சேவைக்கு ஏரிக்கரை பிளாஸ்டிக், திறமைக்கு மிருதங்கம்... எல்லாமே அவங்கவங்க விருப்பம். விருது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

குறையும் உண்டு

ஹானின் பள்ளியில் அதிகாலை ஓட்டமும் பச்சைத்தண்ணிக் குளியலும் கட்டாயம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒத்துவரவில்லை. ஹான் ஓய்வுபெற்ற பிறகு அங்கே படித்த இளவரசர் சார்லஸ் சந்தோஷமாக இருக்கவில்லை என்பது ஊரறிந்த கதை. பள்ளி எல்லோருக்கும் ஒரே விதியை வைத்தது. விருதோ அவரவர் அளவை அவரவரே வைக்கச் சொன்னது. ஹானின் பள்ளியைவிட விருது அதிக தூரம் போனதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கடைசிக் காலத்தில் ஜெர்மனிக்கே திரும்பிய ஹான், 1974 டிசம்பரில் தன் 88-வது வயதில், சாலெம் அருகே காலமானார். துரத்தப்பட்ட ஊரிலேயே அவருடைய பள்ளி இன்றும் நடக்கிறது.

விருதுக்குப் பதிவு செய்யணும்னா பள்ளியில் விசாரிக்கலாம். ஆனா ஹானின் முதல் பாடத்துக்குப் பதிவு எதுவும் வேண்டாம். இந்த வாரத்துக்கு ஓர் இலக்கைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்க. டிக்கையும் அவங்களே போடட்டும். எட்டிப் பார்க்காம இருக்கிறதுதான் பெற்றோருக்கான பரீட்சை!