வயலெற் கார்சன் அம்மையார்
அறுபத்திரண்டாம் வயதில் வந்த வேடம்

கூத்தன் ஒருவன் மாலையிற் பூணும் கோலத்தை விடியலிற் களைந்துவிடுகின்றான். அரசனாக நின்றவன் மறுநாட் காலையில் உழவனாகவோ தச்சனாகவோ தன் தொழிலுக்குச் செல்கின்றான். வேடமும் வாழ்வும் வேறுவேறென்பதை ஆடுவோனும் அறிவான், காண்போரும் அறிவர். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், தொலைக்காட்சித் தொடர் நாடகம் என்னும் புதியதொரு வகை தோன்றியபோது இம்முறைமை மாறிற்று. வாரந்தோறும் இருமுறை, ஆண்டு இருபதாயினும், ஒரே உடையில், ஒரே குரலில், ஒரே மாந்தராகத் தோன்றும் கடமை நடிப்போர்க்கு ஏற்பட்டது. அக்கடமையின் பெருமையையும் அதற்கெனக் கொடுக்க வேண்டிய விலையையும் ஒருங்கே கண்டவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் வடபுலத்தைச் சேர்ந்த வயலெற் கார்சன் அம்மையார்.

1898ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாம் நாள், மான்செஸ்ரர் நகரின் ஆங்கொற்ஸ் என்னும் பகுதியில் இவர் பிறந்தார். ஆங்கொற்ஸ், நூலாலைகளும் அவற்றின் புகைபோக்கிகளும் நெருங்கி நின்ற பேட்டை. செங்கற் சிறுவீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் தெருக்களைக் கொண்டது. தந்தையார் மாவாலைத் தொழிலில் ஈடுபட்டவர். தாயார் பாடுதலில் ஆர்வமிக்கவர். செல்வம் மிகுதியாக இல்லாத இல்லத்தில் இசை குறைவின்றி இருந்தது. வயலெற் இளமையிலேயே பியானோ பயின்றார். தமக்கு உடன்பிறந்தவராகிய நெல்லியோடு சேர்ந்து திருமண வீடுகளிற் பாடி வந்தார். பிற்காலத்திற் பெயர்பெற்ற நடிகையாக உலகம் அறிந்த இவர், அடிப்படையில் ஓர் இசைக் கலைஞர் என்பதை வாசகர் தொடக்கத்திலேயே மனங்கொள்ளல் வேண்டும். அவர் வாழ்வின் இன்பமும் துன்பமும் இவ்வொன்றினைச் சுற்றியே நின்றன.

பதினைந்து வயதளவில் மான்செஸ்ரர் மார்க்கற் வீதியிலிருந்த படமாளிகை ஒன்றிற் பியானோ வாசிக்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. அக்காலத்துத் திரைப்படங்கள் பேசாதவை. திரையின் கீழே, அரையிருளில், பியானோவின் முன் அமர்ந்திருப்பவரே அப்படங்களுக்கு நாவாக இருந்தார். கண் திரையை விட்டகலாது. கை தானாகவே இயங்கும். குதிரை ஓடினால் விரைவும், தாய் அழுதால் தாழ்ந்த சுரமும், கள்வன் கதவைத் திறந்தால் அச்சமும் அக்கணமே பிறத்தல் வேண்டும். பிறர் முகத்தில் தோன்றும் மெய்ப்பாட்டை உடனுக்குடன் உணர்ந்து அதனை ஒலியாக மாற்றும் இப்பயிற்சி, நாடகக் கல்லூரி எதுவும் அவருக்குத் தந்திருக்க இயலாத கல்வியாகும். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டிற்குத் தனியோர் இயல் வகுத்ததன் அருமையை உணர்ந்த நம்மனோர் இதனை எளிதில் விளங்கிக் கொள்வர்.

1926இல் ஜோர்ஜ் பெப்லோ என்பாரை அம்மையார் மணந்தார். மூன்றாண்டு நிறைவதற்குள் கணவர் இறந்தார். மக்கட்பேறு இல்லை. அதே காலத்திலேதான் பேசும் படங்கள் வந்து பரவின. படமாளிகைகளில் இசைத்து வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரின் தொழில் அவற்றால் அழிந்தது. முப்பது வயதளவிற் கைம்பெண்ணாகியவரின் பழைய தொழிலுக்கும் இனி இடமில்லை என்றாயிற்று. அவர் மறுமணம் செய்யவில்லை. இசையைத் துணையாகக் கொண்டு வாழ்வை மறுபடியும் தொடங்கினார்.

1935ஆம் ஆண்டு தொடக்கம் பி.பி.சி. வானொலியில் அவர் குரல் கேட்கலாயிற்று. தாமே பியானோ வாசித்துப் பாடுவார். சிறுவர் நிகழ்ச்சிகளிற் பங்குகொண்டு, நாடெங்குமுள்ள குழந்தைகளுக்கு வயலெற் மாமியானார். மாதர் நிகழ்ச்சியிலே பலரை நேர்கண்டு உரையாடினார். வானொலி நாடகங்களிலும் நடித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946இல், வில்பிரட் பிக்கிள்ஸ் என்பவர் நடத்திய புகழ்மிக்க வினாவிடை நிகழ்ச்சி ஒன்று தொடங்கிற்று. ஊரூராகச் சென்று எளிய மக்களை மேடையேற்றி உரையாடும் அந்நிகழ்ச்சியிற் சில ஆண்டுகள் பியானோ வாசித்தவர் அம்மையாரே. தொழிலாளர், கிழவியர், கடைக்காரர் எனப் பலரின் பேச்சையும் நடையையும் பக்கத்திலிருந்து கேட்டு வந்தார். இவ்வாறு இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. வடபுலத்தார் பலரும் அறிந்த குரல் அது. முகத்தை அறிந்தோர் சிலரே.

இந்நிலையில், மான்செஸ்ரரிலிருந்து ஒளிபரப்பிய கிரனாடா தொலைக்காட்சி நிறுவனத்தில் ரோனி வாரன் என்னும் இளைஞர் ஒரு தொடர் நாடகத்தை எழுதினார். இருபத்து நான்கு வயதினரான அவர், வடபுலத்துத் தெரு ஒன்றின் வாழ்வை அப்படியே காட்ட விரும்பினார். அந்நாளில் ஆங்கில மேடையிலும் வானலையிலும் தென்புலத்து உயர்ந்தோரின் பேச்சே செல்வாக்குப் பெற்றிருந்தது. தொழிலாளர் பேச்சு நகைச்சுவைக்கு மட்டும் உரியதென்று கருதப்பட்டது. சால்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த ஷீலா டிலேனி என்னும் இளம்பெண் 1958இல் அரங்கேற்றிய நாடகம் அவ்வழக்கை அசைத்திருந்தது. வாரனின் தொடர் அதே வழியில் வந்தது. நிறுவனத்தின் மேலிடத்தார் ஐயுற்றனர். ஹரி எல்ரன் என்னும் கனேடியத் தயாரிப்பாளர் விடாது பரிந்து பேசியதன் பயனாகப் பதின்மூன்று பகுதிகளுக்கு மட்டும் இசைவு கிடைத்தது. கொறனேசன் வீதி என்னும் பெயருடன் அத்தொடர் உருப்பெற்றது.

மாந்தர் யாவர்க்கும் நடிகர் கிடைத்தனர். ஈனா ஷார்ப்பிள்ஸ் என்னும் கிழவிக்கு மட்டும் தக்கவர் கிடைத்திலர். வந்து பார்த்தவர் பலர், பொருந்தியவர் எவருமில்லை. அம்மாந்தரையே நீக்கிவிடலாமா என்று எண்ணும் அளவிற்கு நிலைமை முற்றியது. அப்போதுதான் வாரனுக்குப் பழைய நினைவொன்று வந்தது. சிறுவனாக இருந்தபோது அவர் வானொலிச் சிறுவர் நிகழ்ச்சிகளில் நடித்தவர். அங்கே குறும்பு செய்த அவரை அடங்கியிராவிடின் அடிப்பதாக மிரட்டிய பெண்மணி ஒருவர் இருந்தார். அவரே வயலெற் கார்சன். அழைப்புச் சென்றது; அம்மையார் வந்தார்; தேடல் முடிந்தது.

1960 டிசெம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை முதற்பகுதி நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அம்மையாருக்கு அப்போது வயது 62. நம்மிற் பலர் ஓய்வூதியம் பெற்றுச் சாய்மனைக் கதிரையில் அமரும் பருவம் அது. மூலைக் கடைக்குப் புதிதாக வந்த உரிமையாளரிடம் ஈனா நுழைந்து, ஊர், சமயம், குடும்பம் என்று ஒன்றும் விடாது துருவித் துருவி வினவும் அக்காட்சியிலேயே அம்மாந்தரின் இயல்பு முழுவதும் வெளிப்பட்டுவிட்டது.

ஈனா ஓர் கைம்பெண். சிறிய சமய மண்டபமொன்றின் காவற்காரி. தடித்த மேலங்கியும், கூந்தலை இறுக்கிய வலையும் அவள் அடையாளம். தெருமுனைத் தவறணையின் சிற்றறையில் மினி, மார்த்தா என்னும் இரு தோழியரோடு அமர்ந்து, கருநிற பியர் அருந்தியவாறு ஊரார் ஒழுக்கத்திற்குத் தீர்ப்பு வழங்குவாள். எல்சி ரனர் என்னும் அண்டைவீட்டுப் பெண்ணோடு நடுத்தெருவிற் சொற்போர் புரிவாள். இத்தகையவளை வெறும் வம்புக்காரியாகக் காட்டி நகைக்கச் செய்தல் எளிது. அம்மையார் அவ்வாறு செய்தாரல்லர். வறுமையும் தனிமையும் உறைத்த ஒருத்திக்கு நாவொன்றே காவல் என்பதையும், கடிந்து பேசுகின்றவளே இடுக்கண் வந்துழி முதலில் ஓடி வருபவள் என்பதையும் உணர்ந்து நடித்தார். 1967இல் கதையில் அவள் மகள் இறந்தபோது, ஓயாது பேசும் அம்முகத்திற் சொல்லற்ற துயரைப் பார்வையாளர் கண்டனர். மண்டபத்து ஆர்மோனியத்தை ஈனா வாசிக்கும் காட்சிகளில் மட்டும், படமாளிகையிற் பழகிய அப்பழைய விரல்கள் வெளியே தெரிந்தன.

இந்நடிப்பின் தொழில்முறையையும் ஈண்டுக் கூறல் தகும். தொடக்கத்தில் வாரத்தின் ஒரு பகுதி நேரடியாகச் சென்றது. அது முடிந்தவுடன் அடுத்த பகுதியை நாடாவிற் பதிவு செய்தனர். நாடாவை வெட்டி ஒட்டுதல் கடினமும் செலவும் மிக்கதாகையால், பிழை நேரினும் நிறுத்தாது செல்ல வேண்டியிருந்தது. நாட்பட ஒத்திகை பார்க்கும் மேடை நாடகத்தின் வசதி இங்கில்லை. ஒரு வாரத்திற் கற்று, ஒருமுறை நடித்து, மறந்து, அடுத்ததைக் கற்றல் வேண்டும். திரைக்கு முன்னே அந்தந்தக் கணத்திற்கு இசை வகுத்தவரும், நேரடி வானொலியிற் கால் நூற்றாண்டு பழகியவருமான அம்மையாருக்கு இது புதிதன்று. அறுபது வயதிற்குப்பின் அவர் புதிதாக ஒரு கலையைக் கற்றார் என்பதிலும், அதுகாறும் கற்றவை யாவும் ஒரு பயனுக்கு வந்து கூடின என்பதே பொருந்தும்.

1961 முடிவதற்குள் அத்தொடர் பிரித்தானியாவில் மிகுதியானோர் பார்த்த நிகழ்ச்சிகளுள் முன்னிடம் பெற்றது. அரசவைப் புலவராக விளங்கிய சேர் ஜோன் பெற்ஜமன், டிக்கன்சின் நவீனத்தோடு ஒப்பிட்டு இதனைப் புகழ்ந்தார். அம்மையாருக்கு 1965இல் ஓ.பி.ஈ. என்னும் அரசவிருது கிடைத்தது. வட அயர்லாந்தின் புகழ்பெற்ற உரோசா வளர்ப்பாளரான சாம் மக்கிரெடி, தாம் உண்டாக்கிய இளஞ்சிவப்பு உரோசா வகை ஒன்றிற்கு வயலெற் கார்சன் என்று பெயரிட்டார். கடுஞ்சொற் கிழவியாக நாடு அறிந்தவரின் இயற்பெயரை ஒரு மலர் தாங்கி நின்றது.

ஆயின் அம்மலரைத் தவிர அவ்வியற்பெயரை நினைத்தோர் எத்துணையர்? தெருவிற் கண்டவர்கள் ஈனா என்றே அழைத்தனர். கூந்தல் வலையைக் கழற்றினால் நரைத்த அழகிய கூந்தலும், திருத்தமான உடையும், பண்பட்ட பேச்சும் உடைய வேறொருவர் அங்கே நின்றார். அவரைக் காண மக்கள் விரும்பவில்லை. முப்பதாண்டிற்கு மேலாக இசைத்த பியானோவும் பாடிய பாடல்களும் ஒரு கிழவியின் மேலங்கிக்குள் மறைந்தன. சமயப் பாடல் நிகழ்ச்சிகளில் இடையிடையே தோன்றினார் எனினும், அங்கும் ஈனா பாட வந்தாள் என்றே பலர் எண்ணினர்.

இதனை இழப்பு என்பதா, பேறு என்பதா? கலைஞன் பலவாகப் பிறத்தல் வேண்டும், ஒன்றிலே தேங்குதல் குறை என்போர் உளர். அக்கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசியர், தேவியர், காதலியர் ஆகியோர் வேடங்கள் ஆங்கில நாடகத்தில் எண்ணிறந்தன. முதுமை எய்திய ஏழைப் பெண்ணொருத்தி, கதையின் ஓரத்தில் நில்லாது நடுவில் நின்று, நாடு முழுவதையும் இருபதாண்டுகள் தன் சொல்லைக் கேட்கச் செய்தது அதற்குமுன் அரிது. ஆங்கொற்ஸ் போன்ற பேட்டைகளில் பெயரின்றி வாழ்ந்து மறைந்த எத்தனையோ கிழவியருக்கு ஈனாவின் உருவில் ஓர் இடம் கிடைத்தது. அவர்களிடையே பிறந்து வளர்ந்த ஒருவராலேயே அஃது இயன்றது. தம் பெயரை இழந்து அவர்களுக்கு ஒரு பெயரைத் தேடிக் கொடுத்தார் என்று கொள்வதே நேர்மையாகும்.

காலம் தன் வேலையைச் செய்தது. 1964இலேயே கதையில் மார்த்தா தவறணைச் சிற்றறையில் அமர்ந்தபடி உயிர்நீத்தாள். 1976இல் மினியாக நடித்த மார்கொற் பிரையன்ற் விலகினார். மூவர் அமர்ந்த மேசையில் ஈனா ஒருத்தியே எஞ்சினாள். அம்மையாரின் உடல்நலமும் எழுபதுகளிற் குன்றிற்று, நோயுற்று நெடுநாள் தொடரில் தோன்றாதிருந்தார், தேறியபின் மீண்டார். இறுதியாக அவர் தோன்றியது 1980ஆம் ஆண்டில். அப்போது வயது 81. ஈனா இறந்ததாகக் கதையிற் காட்டினாரல்லர்; வெளியூர் புறப்பட்டுச் சென்றதாகவே காட்டினர்.

பிளாக்பூல் நகரை அடுத்த பிஸ்பம் என்னும் ஊரில், இளமையில் உடன் பாடிய நெல்லியோடு வாழ்ந்த இல்லமே அம்மையாரின் இறுதி வாழ்விடமாயிற்று. 1983 டிசெம்பர் 26ஆம் நாள், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், தம் 85ஆம் வயதில் அங்கே காலமானார்.

பதின்மூன்று பகுதிகளோடு முடியலாம் என்று தொடங்கிய அத்தொடர் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்தது. 2010இல், உலகில் நெடுங்காலம் நடைபெற்றுவரும் தொலைக்காட்சித் தொடர் என்னும் கின்னஸ் சாதனையும் அதற்கு வாய்த்தது. அதன் முதல் மாலையில் நின்ற அம்மையாரின் வாழ்வு, ஆசிரியராகவோ கலைஞராகவோ நெடுநாள் உழைத்து, உழைப்பின் பயன் இன்னும் வரவில்லையே என்று வருந்துவோர் படித்தறிய வேண்டியதாகும். நாற்பதிலும் ஐம்பதிலும் அவர் பெயர் பெரிதாக விளங்கவில்லை. ஆயினும் அக்காலத்தில் ஒரு நாளும் அவர் பியானோவை மூடி வைத்தவரல்லர்.