கலாயோகியும் யமபடக்காரனும்

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை அறியாத தமிழர் கொழும்பில் இலர். 1857ஆம் ஆண்டிற் பொன்னம்பல முதலியார் எடுப்பித்த அக்கோயிலை, அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கினார். இராமநாதனாரின் தாயார் செல்லாச்சி அம்மையார், சேர் முத்துக் குமாரசுவாமியின் உடன்பிறந்தவர். அந்த முத்துக் குமாரசுவாமியின் ஒரே புதல்வரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கோயிலை எடுப்பித்தவர் அவருக்கு மாமன் முறை. புதுக்கியவர் மைத்துனர் முறை. இவ்வுறவு பலர் அறியாததொன்று ஆதலின் இதனை முதற்கண் கூறினேன்.

தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி ஆங்கிலத்திலும் பாளியிலும் வல்லவர். அரிச்சந்திரன் கதையை நாடகமாக ஆங்கிலத்தில் அமைத்து 1863இல் இலண்டனில் வெளியிட்டவர். கெந்து மாநிலத்தைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி என்னும் மாதரசியை மணந்தார். 1877ஆம் ஆண்டு ஆகத்து 22ஆம் நாள் கொள்ளுப்பிட்டியில் ஆனந்தர் பிறந்தார். குழந்தையுடன் தாயார் இங்கிலாந்து சென்றார். பின்னர்த் தந்தையாரும் செல்வதாக ஏற்பாடு. ஆனால் 1879ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், கப்பலேற வேண்டிய அன்றே, அவர் காலமானார். இரண்டு வயதும் நிரம்பாத பிள்ளைக்குத் தந்தையும் போயினர், தாய்நாடும் போயிற்று. உறவினர் நடுவே, கதை கேட்டும் தேவாரம் கேட்டும் வளரவேண்டிய குழந்தை, ஆங்கில நாட்டு விடுதிப் பள்ளியில் வளர்ந்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை உலகுக்கு அறிவித்தவர் இவரே. இவ்வளவில் நின்றிருந்தாலும் அறிவியலாளர் வரிசையில் அவர் பெயர் நின்றிருக்கும். ஆனால் கல்லைத் தேடி ஊரூராய்ச் சென்றவர் கண்ணிற் கல்லோடு வேறு பொருள்களும் பட்டன. கண்டி நாட்டுச் சிற்றூர்களிற் கொல்லரும் தச்சரும் பாய் பின்னுவோரும் சித்திரகாரரும் வறுமையுற்றுத் தம் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தனர். பாட்டன் எழுதிய விகாரைச் சுவருக்கு முன்னே பேரன் கூலி வேலை தேடி நின்றான். இக்காட்சியே அவர் வாழ்க்கையைத் திருப்பியது என்று கொள்ளலாம்.

1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அதன் விளைவு. வில்லியம் மொறிசு நூல் அச்சிட்ட அதே கையச்சுப் பொறியில், தம் இல்லத்திலேயே அதனை அச்சிடுவித்தார். வெளியிட்ட படிகள் 425. முதன் மனைவியார் எதெல் எடுத்த ஒளிப்படங்கள் அதிற் பல. கண்டிக்கு அருகேயுள்ள தெகல்தொருவை விகாரையின் ஓவியங்களைப் பற்றியும் அதில் எழுதினார். அச்சுவரிற் சாதகக் கதைகள் நீண்ட பட்டைகளாக, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தீட்டப்பட்டுள்ளன. வெசந்தரன் ஒரே பட்டையிற் பலமுறை தோன்றுவான்: இங்கே யானையைக் கொடுப்பான், சிறிது தள்ளித் தேரைக் கொடுப்பான், அப்பாற் பிள்ளைகளையே கொடுப்பான். நடந்துகொண்டே பார்த்தால் கதை நடக்கும். சுருட்டி வைக்கும் படச்சீலையொன்றைச் சுவரில் விரித்து ஒட்டியது போன்றதே அது. கண்டிப் பகுதியிற் பெதிக்கட என்று துணியிலும் ஓவியம் எழுதும் வழக்கம் இருந்தது.

நிற்க. படத்தை விரித்துக் கதை சொல்லும் மரபு எத்துணைப் பழையது என்று அவர் ஆராய்ந்து, 1929இல் இந்திய வரலாற்றுக் காலாண்டிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் நூல்களைப் பயில்வோரும் இதனைப் படிப்பது அரிது. எனக்கோ அவருடைய கட்டுரைகளில் இதுவே மிக இனியது. இதன் பொருளைச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றேன்.

பதஞ்சலி முனிவர் தம் மாபாடியத்தில் ஓர் இலக்கண ஐயத்தை எழுப்புகின்றார். கம்சன் கொல்லப்பட்டது நெடுங்காலத்துக்கு முன். அங்ஙனமிருக்க அவனை இப்பொழுது கொல்விக்கிறான் என்று நிகழ்காலத்தாற் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? அதற்கு முனிவர் சொல்லும் விடை சுவையானது. கதை காட்டுவோர் நம் கண்முன்னே கொல்விக்கின்றனர். ஓவியத்திலும் ஓங்கிய கையும் விழும் அடியும் இப்பொழுதே காணப்படுகின்றன. ஆதலின் நிகழ்காலம் பொருந்தும் என்பது அதன் கருத்து. நம் நன்னூலார் கால வழுவமைதி கூறுமிடத்தை மாணவர்க்குப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் இதனை நான் நினைப்பதுண்டு. இறந்தகாலத்தை நிகழ்காலமாக்குவது ஓவியத்தின் ஆற்றல்; அதனை இலக்கண நூலே ஒப்புக்கொண்டது.

பாணரின் அருட சரிதத்தில் யமபடக்காரன் ஒருவன் வருகின்றான். கடைத்தெருவிற் சிறுவர் சூழ நின்று, இடக்கையிற் சீலைப்படம் பிடித்து, வலக்கையிலுள்ள நாணற்கோலால் எருமைமேல் வரும் யமனைச் சுட்டி மறுமையின் இயல்பை விளக்குகின்றான். நோயுற்ற தந்தையைக் காண விரைந்து வரும் அருடன் நகருக்குள் நுழைந்ததும் காண்பது அவனைத்தான். வரப்போகும் சாவை இதனினும் நயமாக எவ்வாறு குறிப்பது? முத்திராராட்சச நாடகத்திலோ, சாணக்கியனின் ஒற்றன் யமபடக்காரன் வேடம் பூண்டே இல்லந்தோறும் புகுகின்றான். எவரும் அவனை ஐயுறவில்லை என்றால், அக்காலத்தில் அத்தொழிலாளர் எத்துணை மலிந்திருக்க வேண்டும்! சாவகத்தில் இன்றும் எஞ்சியுள்ள வயாங் பேபர் என்னும் படச்சுருட் கதையும் இம்மரபின் கிளையே.

தமிழிலும் இதற்கு நிழல் உண்டு. பரிபாடலில் நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகின்றது. மக்கள் ஒவ்வோர் ஓவியத்தையும் சுட்டி இவர் யாவர் என வினவுவர். அறிந்தோர் இவன் காமன், இவள் இரதி, இவள் அகலிகை என விடை கூறுவர். படமும் வாயும் சேர்ந்தே கதையாகும் என்பதற்கு இதனைவிடத் தெளிந்த சான்று வேண்டா.

இனி அவர் வாழ்க்கைக்கு வருவோம். 1910ஆம் ஆண்டளவில் வட இந்தியாவெங்கும் சுற்றி, இராசபுத்திர ஓவியங்களையும் மலைநாட்டு ஓவியங்களையும் தேடித் தொகுத்தார். அக்காலத்து அறிஞர் அவற்றை முகலாய ஓவியத்தின் சிதைவு என்றே எண்ணினர். அவை வேறு மரபின, கண்ணன் கதையையும் இராகங்களையும் மக்களுக்குக் காட்ட எழுந்தவை என்று 1916இல் இரு தொகுதிகளில் நிறுவினார். அத்தொகுதி முழுவதையும், தேசியக் கலைக்கூடம் ஒன்று அமைத்தால் இந்தியாவுக்கே அளிப்பதாகக் கூறினார். ஏற்பார் இலர். 1917இல் அது அமெரிக்காவிலுள்ள பொசுத்தன் நுண்கலைக்கூடத்தைச் சேர்ந்தது. அவரும் அதன் காப்பாளராக அங்கேயே சென்றார். பின்னிருந்த முப்பது ஆண்டும் அங்கேதான்.

இங்கே ஒரு முரண் உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. படம் வாயோடு சேர்ந்திருக்க வேண்டுமென்று உணர்ந்தவர், வாயில்லாக் கண்ணாடிப் பேழைக்கே படங்களைக் கொண்டுசென்றார். சிலர் இதனைக் குறையாகவும் சொல்வர். ஏலாமலே நின்ற நாட்டைக் குறைகூறுதலே நேரிது என்பது என் துணிபு. அவரும் இம்முரணை அறியாதவரல்லர். கலைக்கூடத்தில் உள்ளவை ஒருகாலத்தில் ஒரு பயனுக்காகச் செய்யப்பட்டவை, அப்பயனை அறியாமற் கண்ணால் மாத்திரம் சுவைப்பது வீண் என்று பிற்காலத்தில் இடையறாது எழுதினார். சிவநடனம் பற்றிய கட்டுரையிலும் அவர் செப்புச் சிலையின் அழகோடு நிற்கவில்லை. திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் கொண்டு அதன் பொருளைச் சொன்னார். பேழைக்குள் இருந்த உருவுக்கு வாயாக நின்றவர் அவரே. நாணற்கோல் இருந்த இடத்தில் எழுதுகோல் இருந்தது, அவ்வளவே.

1947ஆம் ஆண்டு ஆகத்து 22ஆம் நாள், இந்தியா விடுதலை பெற்ற ஒரு கிழமையில், அவருக்கு எழுபது வயது நிறைந்தது. வேலையினின்று நீங்கி இந்தியா சென்று, இமயச் சாரலில் எஞ்சிய நாளைக் கழிக்கப்போவதாக நண்பர்க்கு அறிவித்தார். தந்தையாருக்கு நேர்ந்தது மைந்தருக்கும் நேர்ந்தது. பயணம் தொடங்குமுன், செத்தெம்பர் 9ஆம் நாள், மசாச்சூசெற்சு மாநிலத்து நீடம் என்னுமூரில் அவர் உயிர் நீத்தார்.

வங்கத்து மேதினிப்பூர்ப் பக்கத்தில் இன்றும் பட்டுவாக்கள் காகிதச் சுருளை விரித்து, விரலாற் சுட்டிப் பாடுகின்றனர். இராசத்தானத்திற் போப்பா என்னும் பாடகன் பாபூசியின் கதையை இரவு முழுதும் பாட, மனைவி படத்தின் முன் விளக்கைப் பிடித்து நிற்கிறாள். கொழும்பிற் பழைய பசுமைப் பாதை, ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று அவர் பெயரால் வழங்குகின்றது. அதன் ஓரத்து நடைபாதையில் இளம் ஓவியர் தம் படங்களை நிறுத்தி வைத்து விற்கின்றனர். சென்ற முறை அவ்வழியே போனபோது, பெரகரா யானையொன்றைத் தீட்டியிருந்த இளைஞனிடம் இது எந்த ஊர்வலம் என்று வினவினேன். விற்பனையை மறந்து அவன் கால்மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தான்.